கட்சி மாறியவரோடு மூன்று நாள்

பெரம்பலூர் நான்கு ரோட்டில் காரை விட்டு இறங்கியதும் ஹுவாங் ஐயா தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ எதிர்ச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த போஸ்டர்களைக் காட்டி, “இதில் எத்தனை பேர் முன்பு வேறு கட்சியின் போஸ்டரில் இருந்தவர்கள்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த முகங்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் தேறினார்கள். சொன்னேன். சொந்த ஊர் விஷயத்தைக் கேட்டவர்போல அவர் தலையாட்டிக்கொண்டார்.

நான் பதினோரு வருடமாகத் தைவானில், தைச்சுங் நகரில் இருக்கிறேன். படிக்கப் போனவள், படிப்பு முடிந்ததும் அங்கேயே ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சீன மொழி பேச வரும் என்பதால் அவ்வப்போது யாராவது மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். ஹுவாங் ஐயாவும் அப்படித்தான், தெரிந்தவர் ஒருவர் மூலமாக என்னைத் தேடி வந்தார். அந்த நாட்டின் கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு தொகுதியிலிருந்து மூன்று முறை நாடாளுமன்றத்துக்குப் போனவர். முதல் இரண்டு முறை ஒரு கட்சியில். மூன்றாம் முறை அதற்கு நேர் எதிர்க் கட்சியில். நான்காம் முறை நின்று தோற்றுவிட்டார். இப்போது எழுபது வயது.

“என் பழைய நண்பர் சாய், இந்தியாவில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவரைப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர் சொல்ல வரவில்லை” என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பெரம்பலூர் என்று இருந்தது. என் வீடு அதற்குப் பக்கத்தில் குரும்பலூரில்தான் என்றபோது அவர் நம்பவில்லை. கைப்பேசியில் வரைபடத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

பெரம்பலூர் வந்திறங்கிய அந்த வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் காவலாளி எங்களை நிறுத்தினார். பெயரைச் சொன்னேன்.

“சாய் சாரா? அவர அரியலூர் பக்கம் புது பிளான்ட்டுக்கு மாத்திட்டாங்களேம்மா. உடையார்பாளையத்துல வூடு எடுத்துருக்காரு. ஞாயித்துக்கெழம போனீங்கன்னா கண்டிப்பா இருப்பாரு.”

போன் செய்து சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். “சொல்லிவிட்டுப் போனால் அவர் இருக்கமாட்டார்” என்றார் ஹுவாங் ஐயா. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. நண்பர் என்றாரே.

ஞாயிறு வரை இரண்டு நாள் இருந்தது. என் சித்தி மகன் ராசுதான் கார் ஓட்டினான். அவன் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, வியர்வையில் நனைந்துபோன தன் பேண்ட்டைத் தொட்டுக் காட்டி, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார் ஹுவாங் ஐயா. பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு துணிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்தக் கரைங்க?” என்று என்னைக் கேட்டார். கண்ணாடி அலமாரிக்குள் எல்லாக் கட்சிக் கரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

விளக்கினேன். ஹுவாங் ஐயா கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து பார்த்தார். “எல்லாம் ஒரே இடத்தில் நெய்ததா?”

“ஆமாங்க. வேட்டி ஒரே வேட்டிதான். கரை மட்டுந்தான் வேற” என்றார் கடைக்காரர்.

தைவானில் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் கையில்லாத மேல்சட்டை போட்டுக்கொண்டு தெருத் தெருவாகக் கும்பிட்டுப் போவார்கள். முதுகில் பெயர் இருக்கும், கட்சி நிறம் இருக்கும். “எங்கள் ஊரிலும் ஒரே தையல்காரர்தான் எல்லாருக்கும் தைப்பார். நான் நிறம் மாற்றியபோது அளவெடுக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்” என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கரையில்லாத வெள்ளை வேட்டி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

மதியச் சாப்பாடு குரும்பலூரில் எங்கள் வீட்டில். அம்மா காலையிலிருந்தே பதறிக்கொண்டிருந்தார். “கருவாடு திம்பாராடி? நாத்தம்னு எந்திரிச்சுப் போயிருவாரா?” என்று மூன்று முறை போன் செய்துவிட்டார். தட்டைப் பார்த்ததும் ஹுவாங் ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் வளர்ந்த வீட்டிலும் மீனைக் கூரையில் காயப்போடுவார்களாம். சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டு வைத்த குழம்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். காரத்தில் மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொண்டு மறுபடி தட்டை நீட்டினார்.

“ஐயா என்ன வேலையா இருந்தாரு?” என்று அம்மா கேட்டார்.

“எம்.பி. மாதிரிம்மா.”

“எந்தக் கட்சி?”

“மொதல்ல ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு.”

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுச் சிரித்தார். என்ன சிரிப்பு என்று ஹுவாங் ஐயா கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் மொழிபெயர்க்க வந்தவள் நான். “என் அம்மாவும் கட்சி மாறியவர்” என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சக ஊழியரைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தார். “எதற்காக மாறினார் என்று கேளுங்கள்.”

அம்மா குரும்பலூர் பேரூராட்சியில் ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தவர். காட்டு வேலைக்குக் கூலிக்குப் போன எங்கள் தெரு ஜனங்கள்தான் அவரை நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள்.

“எங்க தெருவுக்குத் தண்ணி பைப்பு இல்லீங்க” என்று ஆரம்பித்தார் அம்மா. “மூணு வருசம் மனு மனுவாக் குடுத்தேன். தலைவரு அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. ‘இந்தப் பக்கம் வந்து உக்காரு மல்லிகா, அடுத்த மாசமே பைப்பு வரும்’னாரு. போயி உக்காந்தேன். பைப்பு வந்துச்சு. எனக்காக வூடு வூடா ஏறி ஓட்டுக் கேட்ட ஜனம் பாதிப் பேரு பேச்ச நிறுத்திட்டாங்க. தண்ணி மட்டும் புடிச்சுக்கிட்டாங்க.”

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பிளஸ் டூ மார்க் ஷீட் வாங்கப் போன நாளில், பஸ் ஸ்டாண்டில் ஒரு போஸ்டரைச் சுற்றி என் வகுப்புப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். வேறு கட்சித் துண்டோடு அம்மாவின் படம். அந்த வருடம் முழுக்க நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. நானும் தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டவள்தான்.

நான் சீனத்தில் சொல்லி முடித்ததும் ஹுவாங் ஐயா என் பக்கம் திரும்பினார். “அது வெளியே சொல்லுகிற காரணம். சொல்லாத காரணம் ஒன்று இருக்கும். எனக்கு இருந்தது. அம்மாவுக்கு இருந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.”

கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தார்.

“சொல்லட்டுமா பாப்பா?”

“உன் இஷ்டம்மா.”

“இவளுக்குத் திருச்சியில காலேஜுல சீட்டு கெடைச்சுது. ஹாஸ்டல்ல எடம் இல்லன்னுட்டாங்க. தினம் பஸ்ஸுல போயி வந்தா படிப்பு ஏறாது. தலைவரு ஒரு போன் போட்டாரு. எடம் கெடைச்சுது. அதுக்கு முன்னாடியே நான் கேட்டு வச்சிருந்தேன், அந்தப் பக்கம் வந்தா இதையும் செஞ்சு குடுக்கணும்னு.”

எனக்கு அது தெரியாது. அந்த ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்துதான் நான் அம்மாமேல் கோபமாக இருந்தேன். அங்கே படித்த படிப்புதான் என்னைத் தைச்சுங் வரை கொண்டுபோனது. ஹுவாங் ஐயா காத்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தில் ‘இவளுக்கு’ என்று வந்த இடத்தில் ‘எனக்கு’ என்று மாற்றி, முழுவதையும் மொழிபெயர்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

சனிக்கிழமை அரியலூருக்குப் புறப்பட்டோம். அங்கே தங்கினால் மறுநாள் உடையார்பாளையம் போக வசதி. குன்னம் வழியாக ஓட்டினான் ராசு. இரண்டு பக்கமும் கரிசல், மக்காச்சோளம், இடையிடையே வெடித்த பருத்தி. மழை பெய்தால் விளைச்சல், இல்லாவிட்டால் இல்லை என்றேன். தைவானில் மழை இல்லாத ஊரே கிடையாது, அங்கே மழையைத் திட்டுவார்கள். அவர் வயல்களைப் பார்த்துக்கொண்டே, “இந்த மாதிரி ஊரில் வாக்குறுதி கொடுப்பது சுலபம், காப்பாற்றுவது கஷ்டம்” என்றார்.

அரியலூருக்குச் சற்று முன்னால் கார் கொதித்துவிட்டது. மூடியைத் திறந்ததும் புகையாக வந்தது. ராசு தண்ணீர் தேடிப் போனான். தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையைக் குலுக்கிக்கொண்டு போயின. ஓரத்துக் கருவேல மரங்களின் இலைகூடச் சாம்பல் நிறம். வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், படிப்படியாகக் கீழே இறங்கியது. அடியில் தேங்கியிருந்த தண்ணீர் பச்சையாக இருந்தது.

ஹுவாங் ஐயா வேட்டியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றார்.

“எங்கள் ஊரில் இது குழி இல்லை. மலையாக இருந்தது. சிமெண்டுக்காக மேலிருந்து வெட்டினார்கள்” என்றார். அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார், சுரங்க அனுமதியை நீட்டிக்க விடமாட்டேன் என்று. கட்சி ஆதரித்து ஓட்டுப் போடச் சொன்னது. அவர் எதிர்த்துப் போட்டார். சில வாரங்களில் எதிர்க் கட்சியில் சேர்ந்தார்.

“மலைக்காகக் கட்சியை விட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அடுத்த தேர்தலில் என் இடத்தில் வேறொருவரை நிறுத்த என் கட்சி முடிவு செய்திருந்தது. அது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் இடம் தருகிறேன் என்றார்கள். இரண்டும் சேர்ந்துதான் போனேன்.”

“மலை என்ன ஆயிற்று?”

“பாதி இருக்கிறது.”

பிறகுதான் வந்த வேலையைச் சொன்னார். பழைய கட்சி அவரைத் திரும்பக் கூப்பிடுகிறது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாவட்டத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்கிறது. சாய் பத்தொன்பது வருடம் அவருக்குக் கார் ஓட்டியவர், காரியதரிசி, தொகுதியில் எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் தெரிந்துகொண்டு அவரை அழைத்துப் போனவர். ஹுவாங் கட்சி மாறிய அன்று, கட்சி நிற மேல்சட்டையைக் கழற்றி மடித்து முன் சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இளமையில் கற்ற செருப்புத் தொழிலுக்கே திரும்பி, அது எங்கெங்கே கொண்டுபோனதோ அங்கெல்லாம் போனார். அந்த விலகல் தொகுதி முழுக்கப் பேச்சானது.

“சாய் என்னோடு மேடையில் நின்றால் பழையதை மக்கள் மறந்துவிடுவார்கள்.”

“நண்பரைப் பார்க்கப் போகிறோம் என்றீர்கள்.”

“நண்பரைப் பார்க்கவும்தான்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மெக்கானிக் வர நேரமாகும் என்று ராசு சொல்லிவிட்டான். அந்த வழியாக வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி ஏறினோம். கண்டக்டர் அவரிடம் மட்டும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கினார். என்னிடம் ஏன் வாங்கவில்லை என்று கேட்டார் ஹுவாங் ஐயா. இங்கே டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றேன். இதைக் கொண்டுவந்த கட்சி போய் வேறு கட்சி வந்தால் என்ன ஆகும் என்று உடனே கேட்டார். பக்கத்தில் வெங்காய மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கேட்டேன்.

“யாரு வந்தா என்ன? இத நிறுத்திட்டு எந்த மூஞ்சியோட ஓட்டுக் கேட்டு வருவாங்க?” என்றார் அவர். பிறகு, “யாரும்மா இவரு, செருப்புக் கம்பெனி சாரா?”

“இல்லக்கா. அவங்க ஊருல எம்.பி.யா இருந்தவரு.”

“எம்.பி.க்கு ஒரு காரு கெடையாதா?”

மொழிபெயர்த்தேன். ஹுவாங் ஐயா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். “கார் ஓட்டியவர் போய்விட்டார் என்று சொல்லுங்கள்.”

ஞாயிறு காலை ராசு சரிசெய்த காரோடு வந்து எங்களை உடையார்பாளையத்துக்கு அழைத்துப் போனான். இரண்டு பேரிடம் விசாரித்ததிலேயே வீடு தெரிந்துவிட்டது. “நம்ம சாய் சாரா? பேரு நம்மாளு பேரு மாதிரியே இருக்கு பாருங்க” என்று மாடிப்படியைக் காட்டினார் கீழ் வீட்டுக்காரர்.

மேலே, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். அறுபது வயதிருக்கும், மெலிந்த ஆள். ஹுவாங் ஐயாவைப் பார்த்தார். அவர் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தார். கையிலிருந்த ஈரச் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினார். பிறகு என்னிடம் தமிழில், “சாப்டீங்களா?” என்றார்.

நூடுல்ஸ் செய்தார். தைவான் சமையலில் போடும் வெங்காயத்தாள் இங்கே சரியாகக் கிடைப்பதில்லை என்று சின்ன வெங்காயத்தை நறுக்கி வதக்கிப் போட்டார். மேலே அந்த ஊர் முந்திரி. சாப்பிடும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாததால் நான் எழுந்து கீழே போகப் பார்த்தேன். “இருங்கள். யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது” என்றார் சாய்.

ஹுவாங் ஐயா விஷயத்தைச் சொன்னார். பழைய கட்சி, பதவி, மேடை, எதையும் மறைக்கவில்லை. சாய் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“நீங்கள் கட்சி மாறியதற்காக நான் போனேன் என்று நினைக்கிறீர்களா?” என்றார் கடைசியில்.

“வேறு எதற்கு?”

“அன்று நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பின் சீட்டில் இருந்தீர்கள். நிருபர் போன் செய்தார். ‘ஆமாம், சேர்ந்துவிட்டேன்’ என்று அவரிடம் சொன்னீர்கள். அப்படித்தான் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம். அந்த வண்டியில் நான் இருப்பதே உங்களுக்கு நினைவில்லை.”

ஹுவாங் ஐயாவுக்கு அந்தப் போன் நினைவிருந்ததா என்று தெரியவில்லை. எனக்கோ பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்களின் முதுகுகளுக்கு நடுவே தெரிந்த போஸ்டர் ஞாபகம் வந்தது. என் கோபமும் கட்சியைப் பற்றியது இல்லை என்று அங்கே அந்த மாடியில்தான் புரிந்தது.

“இந்த முறை முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்” என்றார் ஹுவாங் ஐயா. “வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.”

“சொன்னதற்கு நன்றி. நான் வரமாட்டேன்.”

“போக வேண்டாம் என்கிறாயா?”

“அது உங்கள் முடிவு. ஆனால் மேடையில் ஏறுவதற்கு முன்னால் மலையடிவாரத்துக்குப் போங்கள். வீடு வீடாகப் போய் நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு அவர்களும் டி.வி.யில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.”

புறப்படும்போது சாய் ராசுவிடம் கையை நீட்டினார். “சாவி குடு தம்பி. லைசென்ஸ் இருக்கு” என்றார் தமிழில். ஊர் எல்லை வரை தானே ஓட்டி வருவதாகச் சொன்னார். ஹுவாங் ஐயா வழக்கம்போலப் பின்கதவில் கை வைத்தவர், யோசித்து, முன்னால் போய் ஒரு கதவைத் திறந்தார். அங்கே ஸ்டீயரிங் இருந்தது. தைவானில் ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம்.

“அண்ணே, அது என் இடம்” என்றார் சாய். வந்ததிலிருந்து அவர் ‘அண்ணே’ என்று சொன்னது அதுதான் முதல் முறை.

ஊர் எல்லையில் சாய் இறங்கிக்கொண்டார்.

தைவான் திரும்பியதும் ஹுவாங் ஐயா மலையடிவாரத்துக்குப் போனார். வாரக்கணக்கில், நிருபர்கள் யாரையும் கூப்பிடாமல், ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். சில வீடுகளில் தேநீர் கிடைத்தது. சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. பிறகு பழைய கட்சியில் சேர்ந்து நின்றார். தோற்றார். முடிவு வந்த மறுநாள் எனக்குச் செய்தி அனுப்பினார்: “சாய் போன் செய்தான். எத்தனை வீடு போனீர்கள் என்று மட்டும் கேட்டான். எல்லா வீடும் என்றேன். சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.”

அதற்குச் சில வாரம் கழித்து, ஒரு மதியம், ஆய்வகத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். அம்மாவின் போன். அந்த நேரத்தில் அவர் கூப்பிடுவதே இல்லை.

“என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். ஒரு விசயம் பாப்பா. இன்னும் யாருகிட்டயும் சொல்லல. மறுபடியும் வார்டுக்கு நிக்கலாம்னு இருக்கேன். ரெண்டு கட்சியிலயும் வந்து கேட்டாங்க. ரெண்டும் வேணாம், சுயேச்சையா நிக்கிறேன்னு மனசுக்குள்ள ஒரு முடிவு. நீ சாப்புட்டுக்கிட்டு இருந்தா அப்புறமா பேசுறேன்.”

வரிசையில் என் முறை வந்துவிட்டது. கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

“இல்லம்மா, இப்பவே சொல்லு” என்றேன். நடைபாதையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.